லப்–டப் துடிப்புக்கு 555 டைமர்: எல்இடி சீராகச் சிமிட்டுகிறது, இதயம் போல இல்லை. வழி சொல்லுங்கள்

மஞ்சை_அறிவியல்
செவ்வாய், இரவு 8.40

வணக்கம். கடலூரில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதயத் துடிப்பு மாதிரி ஒன்று செய்கிறார்கள். தெர்மாகோல் இதயம், உள்ளே சிவப்பு எல்இடி, 9 வோல்ட் பேட்டரி. 555 டைமர் ஐசியை அஸ்டேபிளாக (தானாகவே மாறி மாறி எரிந்து அணையும்படி) போட்டிருக்கிறோம்: மேல் ரெசிஸ்டர் 10கே, கீழ் ரெசிஸ்டர் 56கே, கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட். நிமிடத்துக்கு 70 தடவைக்குப் பக்கமாக எரிந்து அணைகிறது. ஆனால் பார்க்கிற யாருக்கும் இதயம் என்று தோன்றவில்லை. பஸ்ஸர் சேர்த்தால் 'பீப் பீப்' என்கிறது. லப்–டப் என்று இரட்டையாக வர என்ன செய்ய வேண்டும்? மைக்ரோகன்ட்ரோலர் வேண்டாம். ஒவ்வொரு காலிலும் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் தொட்டுக் காட்ட வேண்டும்.

லாஸ்பேட்டை_555
செவ்வாய், இரவு 9.15

டீச்சர், உங்கள் சுற்றில் பிழை எதுவும் இல்லை. 1.44-ஐ (10கே + 2 × 56கே) × 10 மைக்ரோவால் வகுத்தால் 1.18 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 71. எண்ணிக்கை சரி, இடைவெளிதான் சரியில்லை. 555-இல் கெபாசிட்டர் இரண்டு ரெசிஸ்டர் வழியாக ஏறுகிறது, ஒன்றின் வழியாக இறங்குகிறது. ஏறும் நேரம் 0.693 × 66கே × 10 மைக்ரோ = 0.46 விநாடி. இறங்கும் நேரம் 0.39 விநாடி. எரிவதும் அணைவதும் கிட்டத்தட்டச் சரிபாதி. வண்டி திரும்பும்போது இண்டிகேட்டர் இப்படித்தான் சிமிட்டும். இதயத்தில் ஒரு சுற்றுக்கு இரண்டு குட்டித் தட்டு, நடுவில் சின்ன மௌனம், அப்புறம் நெடிய மௌனம். அந்த இரண்டு மௌனமும் சமமாக இல்லாததால்தான் காது அதை இதயம் என்று ஏற்றுக்கொள்கிறது.

ஆகவே ஒரு துடிப்பைப் பத்துத் துண்டாக வெட்டி, வேண்டிய துண்டில் மட்டும் தட்டுவோம். வெட்டுவதற்கு சிடி 4017 ஐசி. ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்கும் அதன் பத்து வெளியீட்டில் ஒன்று மட்டும் உயரும், பிறகு அடுத்தது. 555-ஐப் பத்து மடங்கு வேகமாக, 12 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒரு துண்டு 83 மில்லி விநாடி, பத்துத் துண்டு 0.83 விநாடி, நிமிடத்துக்கு 72.

உங்கள் ரெசிஸ்டர்களை வீணாக்க வேண்டாம். 10 மைக்ரோ கெபாசிட்டரை எடுத்துவிட்டு 1 மைக்ரோ போடுங்கள், வேகம் பத்து மடங்காகிவிடும். 56கே இடத்தில் 33கே-யும் அதோடு தொடராக 47கே பிரீசெட்டும் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) வைத்தால் நிமிடத்துக்கு 51 முதல் 113 வரை திருகிக்கொள்ளலாம். 72-க்கு பிரீசெட் ஏறக்குறைய 22கே-யில் நிற்கும்.

555: 1-ஆம் கால் கிரவுண்ட். 8-உம் 4-உம் பிளஸ். 8-க்கும் 7-க்கும் நடுவே 10கே. 7-இலிருந்து 33கே, பிரீசெட் வழியாக 6-க்கு. 6-உம் 2-உம் ஒன்றாக, அங்கிருந்து 1 மைக்ரோ கிரவுண்டுக்கு. 5-இலிருந்து 0.01 மைக்ரோ கிரவுண்டுக்கு. 3-ஆம் காலை 4017-இன் 14-ஆம் காலுக்குக் கொடுங்கள்.

4017: 16 பிளஸ், 8 கிரவுண்ட், 13 கிரவுண்ட், 15 கிரவுண்ட். லப் 3-ஆம் காலில் வரும் (0-ஆம் வெளியீடு), டப் 10-ஆம் காலில் வரும் (4-ஆம் வெளியீடு). இரண்டிலிருந்தும் ஆளுக்கொரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை வெளிப்பக்கம். இரண்டு டயோடும் சேரும் இடத்திலிருந்து 10கே வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரின் பேஸ், எமிட்டர் கிரவுண்ட், கலெக்டரில் எல்இடி, அதற்கு மேல் 470 ஓம், பிளஸ். பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 47கே கட்டாயம். 4017 வெளியீடு கீழே இறங்கும்போது டயோடு அடைத்துக்கொள்ளும், பேஸை இழுத்துப் பிடிக்க ஆள் இருக்காது. அந்த 47கே இல்லாவிட்டால் விரல் பக்கத்தில் போனாலே எல்இடி மங்கலாக எரியும்.

முத்தியால்பேட்டை_செவிலி
செவ்வாய், இரவு 9.50

4-ஆம் வெளியீடு ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், அதற்கான பதில் இது. பாடப்புத்தகத்தில் ஒரு இதயச் சுழற்சி 0.8 விநாடி: ஆரிக்கிள் (மேலறை) சுருங்க 0.1, வென்ட்ரிக்கிள் (கீழறை) சுருங்க 0.3, தளர்வு 0.4. வென்ட்ரிக்கிள் சுருங்கத் தொடங்கியதும் ஈரிதழ், மூவிதழ் வால்வுகள் மூடுவது லப். சுருங்கி முடிந்ததும் அரைச்சந்திர வால்வுகள் மூடுவது டப். ஆகவே லப்புக்கும் டப்புக்கும் இடைவெளி வென்ட்ரிக்கிள் சுருங்கும் நேரம்தான், 0.3 விநாடியை ஒட்டி. 72 துடிப்பில் 4-ஆம் துண்டு 0.33 விநாடியில் தொடங்குகிறது, பொருந்தும். 3-ஆம் துண்டு என்றால் 0.25, கொஞ்சம் அவசரம்.

இன்னொன்றும் மாதிரியில் காட்டலாம். லப் ஓசை ஏறத்தாழ 0.14 விநாடி நீளம், டப் 0.11. லப் கனமானது, டப் கொஞ்சம் கூர்மை. இரண்டையும் ஒரே மாதிரி அடித்தால் கதவு தட்டுவது போல இருக்கும்.

மஞ்சை_அறிவியல்
புதன், மாலை 6.20

மிக்க நன்றி. இன்று பிரெட்போர்டில் போட்டோம். எல்இடி அடிக்கிறது, ஆனால் தாளம் கலைந்து வருகிறது. சில நேரம் டப் மட்டும் வருகிறது, சில நேரம் இரண்டு லப் அடுத்தடுத்து வருகிறது. 4017-ஐத் தொட்டால் மாறுகிறது.

வில்லியனூர்_ஈயம்
புதன், மாலை 6.55

தொட்டால் மாறுகிறது என்றால் முதலில் 13, 15 இரண்டு காலையும் பாருங்க டீச்சர். 15 ரீசெட், 13 கடிகாரத்தைத் தடுக்கிற கால். ரெண்டுல எது அந்தரத்தில் தொங்கினாலும் ஐசி காற்றில் இருக்கிற 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலைக் கேட்டு ஆடும். பிரெட்போர்டில் கிரவுண்ட் வரிசையிலதான் குத்தியிருக்கோம் என்று நினைப்பீங்க. நீளமான போர்டுகளில் பிளஸ், மைனஸ் வரிசை நடுவில் அறுந்திருக்கும். கோடு நடுவில விட்டுப்போயிருந்தா அங்கே ஒரு ஜம்பர் வயர் போட்டு இணைக்கணும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து பேட்டரி மைனஸிலிருந்து ஐசியின் காலையே தொட்டுப் பாருங்க, போர்டு ஓட்டையைத் தொடாதீங்க.

ரெண்டாவது, வெளியீட்டு வரிசை. 4017-இல் கால் எண் வரிசையா வராது. 0 முதல் 9 வரை கால்கள்: 3, 2, 4, 7, 10, 1, 5, 6, 9, 11. 'நாலாவது வெளியீடு' என்று 4-ஆம் காலில் குத்தினால் அது 2-ஆம் வெளியீடு. டப் 0.17 விநாடியிலேயே வந்துவிடும், லப்போட ஒட்டிக்கிட்டு.

மூணாவது, பவர். சாதாரண என்இ 555 வெளியீடு புரளும் ஒவ்வொரு தடவையும் உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரு கணம் சேர்ந்து திறக்கும். அந்தக் கணத்தில் பேட்டரியிலிருந்து நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும், பவர் கம்பியில் ஒரு பள்ளம் விழும். 4017 அதையும் ஒரு கடிகாரத் துடிப்பு என்று எண்ணிக்கொள்ளும். 'இரண்டு லப் அடுத்தடுத்து' என்று எழுதியிருக்கீங்களே, அதற்கு எனக்கு முதல் சந்தேகம் இதுதான். 555-இன் 8-க்கும் 1-க்கும் நடுவே, ஐசியை ஒட்டியே, 0.1 மைக்ரோ செராமிக் ஒண்ணும் 100 மைக்ரோ எலக்ட்ரோலிட்டிக் ஒண்ணும் போடுங்க. 4017-இன் 16-க்கும் 8-க்கும் ஒரு 0.1. கெபாசிட்டரை போர்டின் ஓரத்தில் வைத்தால் பலன் இல்லை.

லாஸ்பேட்டை_555
புதன், இரவு 7.30

அண்ணன் சொன்னதோடு ஒன்று. பழைய 10 மைக்ரோ கெபாசிட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், சோதனைக்கு அதுதான் வேண்டும். 1 மைக்ரோவை எடுத்துவிட்டு அதைப் போட்டால் கடிகாரம் 1.2 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 4017-இன் ஒவ்வொரு வெளியீட்டிலும் 1கே-யோடு ஒரு எல்இடியை வைத்துப் பார்த்தால் வெளிச்சம் ஒவ்வொரு காலாக நடந்து போவது கண்ணுக்கே தெரியும். எங்கே தாண்டுகிறது, எங்கே திரும்ப 0-க்கு ஓடுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். சரியானதும் 1 மைக்ரோவுக்குத் திரும்புங்கள். எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், பாலியெஸ்டர் கேளுங்கள். எலக்ட்ரோலிட்டிக்கில் 20 சதவீதம் கூடக் குறைய இருப்பது வழக்கம், 72 என்று கணக்குப் போட்டது 60-ஆகவும் வரும், 90-ஆகவும் வரும்.

அளப்பதற்கு ஒரு குறுக்கு வழி: மல்டிமீட்டரில் ஹெர்ட்ஸ் இருந்தால் 555-இன் 3-ஆம் காலில் வைத்து, வரும் எண்ணை 6-ஆல் பெருக்குங்கள். 12.0 என்றால் 72. பத்தால் வகுத்து அறுபதால் பெருக்குவதும் இதுவும் ஒன்றுதான். எல்இடியில் 1.2 ஹெர்ட்ஸை நேராக அளக்கப் பார்த்தால் பல மீட்டர்கள் தடுமாறும்.

பாகூர்_பாலிடெக்னிக்
புதன், இரவு 8.10

சார், 9 வோல்ட் பேட்டரிக்குப் பதிலாக போன் சார்ஜரின் 5 வோல்ட் கொடுக்கலாமா? 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடுகிறதே.

லாஸ்பேட்டை_555
புதன், இரவு 8.35

தம்பி, அதில் ஒரு பொறி இருக்கிறது. 5 வோல்ட்டில் என்இ 555-இன் உயர் வெளியீடு 5 வரை ஏறாது. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர் இறக்கம் போக 3.3 முதல் 3.6 வோல்ட்தான் கிடைக்கும். 5 வோல்ட்டில் ஓடும் 4017 உயர் என்று ஒப்புக்கொள்ள 3.5 வேண்டும். ஒரு ஐசியில் ஓடும், அடுத்த ஐசியில் ஓடாது. 3-ஆம் காலிலிருந்து பிளஸுக்கு 1கே போட்டால் அது மீதியைத் தூக்கிவிடும். இல்லாவிட்டால் சீமாஸ் வகை, 7555. அது முழுசாக ஏறும், தனக்கென்று எடுப்பது 0.1 மில்லி ஆம்பியருக்கும் கீழே. என்இ 555 ஒன்று 9 வோல்ட்டில் ஐந்தாறு மில்லி ஆம்பியர் சும்மாவே குடிக்கும். பேட்டரி இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். 555-இன் நேரம் மின்னழுத்தத்தின் மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு என்ற விகிதத்தில் நடப்பதால், பேட்டரி இறங்கினாலும் துடிப்பின் வேகம் மாறாது. வெளிச்சம்தான் குறையும்.

கண்காட்சி நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் ஆறு பென்சில் பேட்டரியைத் தொடராகப் போட்டு 9 வோல்ட் எடுங்கள். அடாப்டரை மட்டும் நம்ப வேண்டாம், நம் ஊரில் மழை பிடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வரலாறு சொல்லலாம். 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் மின்தடை ஏற்பட்டது. அன்று சுவர் மின்சாரத்தில் ஓடிய பேஸ்மேக்கரை நம்பியிருந்த குழந்தை ஒன்று இறந்தது. மருத்துவர் லில்லஹை கேட்டுக்கொண்டதால் மின் பொறியாளர் ஏர்ல் பேக்கன் சில வாரங்களிலேயே பேட்டரியில் ஓடும், உடம்போடு கட்டிக்கொள்ளும் பேஸ்மேக்கரைச் செய்தார். அதற்கு அவர் அடிப்படையாக எடுத்தது இசை பழகுவோர் தாளத்துக்கு வைக்கும் மெட்ரோனோமின் டிரான்சிஸ்டர் சுற்று. பிள்ளைகள் கையில் இருப்பதும் அதே குடும்பம்.

மஞ்சை_அறிவியல்
வியாழன், மாலை 5.45

15-ஆம் கால் உள்ள கிரவுண்ட் வரிசைதான் நடுவில் அறுந்திருந்தது. ஜம்பர் போட்டதும், 555-ஐ ஒட்டி 0.1 வைத்ததும் தாளம் சீராகிவிட்டது. மீட்டர் 12.1 காட்டுகிறது. எல்இடி இப்போது நிஜமாகவே இதயம் போல இருக்கிறது. ஆனால் வெளிச்சம் வெட்டு வெட்டாக வருகிறது, மெல்ல அடங்கினால் நன்றாக இருக்கும். அடுத்தது ஓசை. பஸ்ஸரை என்ன செய்வது?

லாஸ்பேட்டை_555
வியாழன், மாலை 6.30

முதலில் வெளிச்சம். டயோடுகள் சேரும் இடத்திலிருந்து 2.2கே, அதன் மறுமுனையில் 4.7 மைக்ரோ கிரவுண்டுக்கு, அந்த கெபாசிட்டரோடு இணையாக 22கே. அதே முனையை நேராக பிசி 547-இன் பேஸுக்குக் கொடுத்து, கலெக்டரைப் பிளஸில் போட்டு, எமிட்டரிலிருந்து 470 ஓம், எல்இடி, கிரவுண்ட் என்று மாற்றுங்கள். பழைய 10கே, 47கே இரண்டும் போய்விடும். கெபாசிட்டர் 10 மில்லி விநாடியில் ஏறும், 100 மில்லி விநாடியில் வடியும். எல்இடி சட்டென்று எழுந்து மெல்ல அடங்கும். 4.7-க்குப் பதில் 47 போட்டால் லப் அணைவதற்குள் டப் வந்துவிடும், திரும்பப் பழைய கதைதான்.

பஸ்ஸரை விட்டுவிடுங்கள். பீசோ பஸ்ஸர் 2 முதல் 4 கிலோ ஹெர்ட்ஸுக்குச் செய்தது. இதய ஓசை பெரும்பாலும் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ஸ்பீக்கர் வேண்டும், 8 ஓம், குறைந்தது 3 அங்குலம்.

ஓசைக்கு இன்னொரு 555. 8-க்கும் 7-க்கும் 10கே, 7-க்கும் 6-க்கும் 100கே, கெபாசிட்டர் 0.1 மைக்ரோ: 1.44-ஐ 210கே × 0.1 மைக்ரோவால் வகுத்தால் 68 ஹெர்ட்ஸ் சொச்சம். இதன் 4-ஆம் காலில் டயோடு முனையைக் கொடுத்து, தட்டும்போது மட்டும் ஓட விடுவதுதான் பலரும் முதலில் செய்வது. வேலை செய்யும், ஆனால் நன்றாக இருக்காது. 83 மில்லி விநாடியில் ஆறு அலைகூட முழுசாக வராது. ரீசெட்டிலிருந்து எழும்போது கெபாசிட்டர் சுழியத்திலிருந்து ஏறுவதால் முதல் அலை நீண்டுபோகும். முடிவும் கத்தியால் வெட்டியது போல நிற்கும். கேட்பதற்கு 'டர்ட்' என்று இருக்கும்.

மாறாக, 555-ஐ இடைவிடாமல் ஓட விட்டு ஓசையின் உயரத்தைத் தனியாக வடிவமையுங்கள். 4-ஆம் கால் பிளஸில். 3-ஆம் காலிலிருந்து 22கே வழியாக இன்னொரு பிசி 547-இன் பேஸ், எமிட்டர் கிரவுண்ட். இதன் கலெக்டருக்கு மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தராமல், 0.47 மைக்ரோ கெபாசிட்டர் ஒன்றிலிருந்து 47கே வழியாகத் தருகிறோம். அந்த கெபாசிட்டரை 4017 நிரப்பும்: 3-ஆம் காலிலிருந்து டயோடு, 4.7கே. 10-ஆம் காலிலிருந்து டயோடு, 33கே. இவை எல்இடிக்குப் போட்டதற்கு வேறான தனி டயோடுகள். தட்டு வரும்போது கெபாசிட்டர் நிறைகிறது, டிரான்சிஸ்டர் அதை 68 ஹெர்ட்ஸில் நறுக்குகிறது, தட்டு முடிந்ததும் 35 மில்லி விநாடி அளவில் வடிகிறது. லப் முழு உயரம், டப் 33கே-யால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. செவிலி அக்கா சொன்ன கனமும் நீளமும் இதிலேயே வந்துவிடும்.

கலெக்டரிலிருந்து 100கே, 0.1 மைக்ரோ தொடராக, 10கே வால்யூமின் மேல் முனைக்கு. வால்யூமின் கீழ் முனை கிரவுண்ட், நடு முனை எல்எம் 386 என்ற ஓசைப் பெருக்கி ஐசியின் 3-ஆம் காலுக்கு. 386-இல் 2-உம் 4-உம் கிரவுண்ட், 6 பிளஸ், 5-இலிருந்து 470 மைக்ரோ வழியாக ஸ்பீக்கர். 5-இலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோவும் தொடராக. 1-ஐயும் 8-ஐயும் சும்மா விடுங்கள், 20 மடங்கு பெருக்கம் போதும். சில படங்களில் 470-க்குப் பதில் 220 இருக்கும். 8 ஓம் ஸ்பீக்கரோடு 220 மைக்ரோ 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும், நமக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது. 470 என்றால் 42 ஹெர்ட்ஸ்.

வில்லியனூர்_ஈயம்
வியாழன், இரவு 7.20

386 சேர்த்ததும் 4017 திரும்பத் தாளம் தப்பினால் பயப்படாதீங்க. ஸ்பீக்கர் மின்சாரமும் 4017-இன் மின்சாரமும் ஒரே மெல்லிய கிரவுண்ட் கம்பியில் போனால் ஒவ்வொரு 'தும்'முக்கும் கிரவுண்டே தூக்கிப் போடும். 386-இன் 4-ஆம் காலிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் கிரவுண்ட் கம்பியைத் தனியா பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோங்க. 386-இன் 6-ஆம் காலை ஒட்டி 220 மைக்ரோ போடுங்க.

பிசி 547 கால்: தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்க, இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். கடையில் அது இல்லாமல் 2என்3904 கொடுத்தால் வரிசை தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர்.

ரெசிஸ்டர் நிறம்: 10கே பழுப்பு-கறுப்பு-ஆரஞ்சு, 1 மெகா பழுப்பு-கறுப்பு-பச்சை. குழல்விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் மாற்றி எடுப்பாங்க. குத்துவதற்கு முன்னால் ஒவ்வொண்ணையும் மீட்டரில் வைத்துப் பார்க்கணும்.

லாஸ்பேட்டை_555
வியாழன், இரவு 7.35

இதே இரண்டு ரெசிஸ்டரில்தான் அமெரிக்கப் பொறியாளர் வில்சன் கிரேட்பேட்ச்சும் ஏமாந்தார். இதய ஒலியைப் பதியும் கருவிக்கு 10கே எடுக்கப் போய் 1 மெகாவை எடுத்துப் போட்டார். சுற்று ஒரு சின்னத் துடிப்பு, ஒரு விநாடி மௌனம் என்று ஓடத் தொடங்கியது. உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கருக்கு அவர் போனது அந்த மௌனத்தைக் கேட்டுத்தான். பிள்ளைகள் தவறாகப் போட்டால் உடனே பிடுங்க வேண்டாம் டீச்சர், என்ன ஓடுகிறது என்று ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

பாகூர்_பாலிடெக்னிக்
வியாழன், இரவு 8.05

சார், ஒரு மறுப்பு. 4017-இல் எல்லாத் துண்டும் சேர்ந்தே சுருங்குகிறது. பிரீசெட்டைத் திருகி 110-க்குக் கொண்டுபோனால் லப்–டப் இடைவெளி 0.22 விநாடியாகிவிடும். நிஜ இதயம் வேகமாக அடிக்கும்போது தளர்வு நேரம்தானே குறையும்? டப்புக்குத் தனியாக 555 மோனோஸ்டேபிள் (ஒரு தூண்டலுக்கு ஒரே ஒரு துடிப்பு தரும் சுற்று) போட்டு 270கே, 1 மைக்ரோ வைத்தால் 1.1 × ஆர் × சி = 0.297 விநாடி, எந்த வேகத்திலும் மாறாது. இதுதானே சரி?

முத்தியால்பேட்டை_செவிலி
வியாழன், இரவு 8.40

தம்பி, தளர்வு அதிகமாகக் குறையும், அது உண்மை. ஆனால் சுருக்கமும் கொஞ்சம் குறையும். 72 துடிப்பில் வென்ட்ரிக்கிள் சுருக்கம் சுழற்சியின் ஏறத்தாழ 0.4 பங்கு. துடிப்பு மூன்று மடங்கானால் அது 0.65 பங்கு வரை போகும். நேரமாகப் பார்த்தால் சுருங்குகிறது, பங்காகப் பார்த்தால் கூடுகிறது. 110-இல் ஒரு சுழற்சி 0.545 விநாடி. உன் 0.297 அதில் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். 4017-இன் 0.22 குறைவு, உன்னுடையது கொஞ்சம் கூடுதல். நிஜம் நடுவில்.

லாஸ்பேட்டை_555
வியாழன், இரவு 9.00

அப்படியானால் மோனோஸ்டேபிள் இல்லாமலே முடிக்கலாம். டப் டயோடுகளின் முன்னால் ஒரு இருவழி ஸ்விட்ச். ஒரு பக்கம் 10-ஆம் கால் (4-ஆம் வெளியீடு), 'ஓய்வு' என்று எழுதுங்கள். மறுபக்கம் 1-ஆம் கால் (5-ஆம் வெளியீடு), 'ஓட்டம்'. 110-இல் 5-ஆம் துண்டு 0.27 விநாடியில் வரும். தம்பி கேட்டதும் அக்கா சொன்னதும் ஒரே ஸ்விட்சில் அடங்கிவிடும். மோனோஸ்டேபிள் வழியில் இன்னொரு தொல்லையும் உண்டு. அதன் 2-ஆம் காலுக்கு வரும் தூண்டல் 0.297 விநாடியைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். அஸ்டேபிளை நேராக இணைத்தால் கால் கீழேயே கிடக்கும், வெளியீடு இறங்காது. 0.01 மைக்ரோ வழியாக இணைத்து, பிளஸுக்கு 10கே, அதன் குறுக்கே ஒரு டயோடு வைத்தால்தான் ஒழுங்காக வரும். பாலிடெக்னிக் பயிற்சிக்கு நல்லது, பள்ளிக் கண்காட்சிக்கு வேண்டாம்.

டப்பைக் கூர்மையாக்க: அந்த ஸ்விட்சின் நடு முனையிலிருந்து 22கே வழியாக மூன்றாவது பிசி 547-இன் பேஸ், எமிட்டர் கிரவுண்ட், கலெக்டரிலிருந்து 10கே ஓசை 555-இன் 5-ஆம் காலுக்கு. 5-ஆம் கால் 6 வோல்ட்டிலிருந்து 4.5-க்கு இறங்கும், 68 ஹெர்ட்ஸ் 88 ஆகும். தட்டு முடிந்ததும் தானாகத் திரும்பிவிடும்.

பாகூர்_பாலிடெக்னிக்
வியாழன், இரவு 9.20

நன்றி சார், நன்றி அக்கா. இதையே ஈசிஜி பழகும் ஏடி 8232 போர்டுக்குச் சோதனைச் சைகையாகக் கொடுக்க முடியுமா?

லாஸ்பேட்டை_555
வியாழன், இரவு 9.45

4017-இன் 9 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் போர்டு திணறும். உடம்பிலிருந்து வருவது 1 மில்லி வோல்ட் அளவு. 3-ஆம் காலிலிருந்து 1 மெகா, அதிலிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம். 100 ஓமின் இரு முனையில் 0.9 மில்லி வோல்ட் கிடைக்கும். அந்த இரு முனையிலும் இரண்டு லீடு, மூன்றாவது லீடு கிரவுண்டில். சதுரத் துடிப்புதான், ஈசிஜி வடிவம் வராது. எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்க்க மட்டும் உதவும். இரண்டு பக்கமும் பேட்டரியில் ஓட வேண்டும். அந்த லீடுகள் யார் உடம்பிலும் ஒட்டியிருக்கும்போது இந்தச் சுற்றை அவற்றில் இணைக்கவே கூடாது.

மஞ்சை_அறிவியல்
வெள்ளி, மாலை 6.10

ஓசை வருகிறது, ஆனால் மெல்லியதாக, தகரத்தைத் தட்டுவது போல. வால்யூமைக் கூட்டினால் கரகரக்கிறது. 3 அங்குல ஸ்பீக்கர், மேசை மேல் அப்படியே வைத்திருக்கிறோம்.

வில்லியனூர்_ஈயம்
வெள்ளி, மாலை 6.40

சுற்று நல்லாத்தான் இருக்கு, ஸ்பீக்கருக்கு வீடு இல்லை. திறந்து வைத்த ஸ்பீக்கரில் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் ஒண்ணையொண்ணு அழித்துக்கொள்ளும், கனமான ஓசைதான் முதலில் காணாமல் போகும். 4 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியில் வட்டமா வெட்டி ஸ்பீக்கரை உள்ளிருந்து திருகுங்க. ஓரத்தில் சைக்கிள் டியூப் ரப்பர் வளையம் வைத்து மூடியை இறுக்குங்க. கம்பி வெளியே வருகிற ஓட்டையையும் மெழுகால் அடைக்கணும். மண்பானை வாயில் பொருத்தினாலும் நல்லா வரும், ஆனா பிள்ளைகள் தூக்கும்போது உடையும்.

கரகரப்புக்கு: நறுக்கிய அலை சதுரம், அதில் மேல் சுருதி நிறைய. 100கே-யும் 0.1-ம் சேரும் இடத்திலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோ ஒண்ணு போடுங்க, 160 ஹெர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமா அடங்கும். அந்த இடத்தில் தெரியும் எதிர்ப்பு 10கே-க்குப் பக்கம்தான், அதனால் இன்னும் வெட்டணும்னா 0.047 வரை போகலாம்.

முத்தியால்பேட்டை_செவிலி
வெள்ளி, இரவு 7.30

ஸ்டெதஸ்கோப் ஒன்று கிடைத்தால் அதன் தட்டை முகத்தை மூடியின் மேல் வைத்து, பார்க்க வருகிறவர்கள் காதில் கேட்கட்டும். கூட்டத்துச் சத்தத்திலும் தெளிவாகக் கேட்கும், வால்யூமும் கூட்ட வேண்டாம். 'ஓய்வு', 'ஓட்டம்' ஸ்விட்சைக் கேட்டுக்கொண்டே மாற்றச் சொல்லுங்கள், பிரீசெட்டையும் 110-க்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

லாஸ்பேட்டை_555
வெள்ளி, இரவு 7.50

வில்லியனூர் அண்ணா, ஒரு திருத்தம். 100கே-க்கு அடுத்து இருப்பது 0.1-ம் 10கே வால்யூமும், ஆகவே அந்த முனையில் 9கே எதிர்ப்பு. அதோடு 0.01 போட்டால் வெட்டு 1.7 கிலோ ஹெர்ட்ஸில்தான் தொடங்கும். 160-க்கு 0.1 மைக்ரோவே வேண்டும், 0.01-ம் 0.047-ம் பத்தாது. டீச்சர், 0.1 போட்டுப் பாருங்கள், ஓசை குறைந்தால் வால்யூமை ஏற்றிக்கொள்ளலாம்.

வில்லியனூர்_ஈயம்
வெள்ளி, இரவு 8.00

ஆமாம், 0.1 தான் சரி. கணக்கைச் சரி பண்ணினதுக்கு நன்றி சார்.

மஞ்சை_அறிவியல்
சனி, காலை 11.20

0.1 போட்டதும் கரகரப்பு போய்விட்டது, வாளி மூடியில் கனமும் வந்துவிட்டது. அரை நிமிடத்தில் 36 எண்ணினார்கள். கடைசியாக ஒன்று: பிரெட்போர்டிலேயே கொண்டுபோகலாமா, பலகையில் ஈயம் வைக்க வேண்டுமா? பள்ளி தேவனாம்பட்டினம் பக்கம், கடல் காற்று அதிகம்.

வில்லியனூர்_ஈயம்
சனி, மதியம் 12.05

கடலோரத்தில் பிரெட்போர்டை நம்பாதீங்க. உள்ளே இருக்கிற தகட்டில் உப்பும் ஈரமும் படிந்து தொடர்பு விட்டு விட்டு வரும், 15-ஆம் கால் திரும்ப அந்தரத்தில் தொங்கும். டாட் போர்டில் ஐசிக்கு சாக்கெட் வைத்து ஈயம் வையுங்க. 555, 4017, 386 மூணையும் சாக்கெட்டில் கடைசியா குத்துங்க, அரைவட்ட வெட்டு எந்தப் பக்கம் என்று சாக்கெட்டிலேயே பேனாவால் குறிச்சுடுங்க. ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் அடியில் 0.1 செராமிக். ஈயம் வைத்து முடிந்ததும் ஃப்ளக்ஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, நல்லா காய்ந்ததும் அடிப்பக்கம் மட்டும் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு. சாக்கெட் துளையிலும் பிரீசெட்டிலும் படக்கூடாது. பேட்டரி கிளிப் கம்பியைப் போர்டில் ஒரு ஓட்டை வழியா நுழைத்து முடிச்சுப் போட்டு அப்புறம் ஈயம் வையுங்க, இல்லாவிட்டால் முதல் நாளே பிய்ந்து வரும்.